'ப்ளெதரா' மழையும் ஒரு மில் கிராணியின் ஆங்கிலமும்

மலேசியாவில், தெலுக் இந்தானிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு தோட்ட நகரம். ஊர்ப்பெயரை விட்டுவிடுகிறேன், சொன்னால் ஆள் யாரென்று அடுத்த பாசார் மாலாம் (இரவுச் சந்தை) கலைவதற்குள் கண்டுபிடித்துவிடுவார்கள். சுற்றிலும் செம்பனை. காலையில் பழக்குலை லாரிகள், மாலையில் மில் வாடை, நடுவில் இரண்டு வரிசைக் கடை, ஒரு தமிழ்ப்பள்ளி, ஒரு மாரியம்மன் கோயில். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்த குடும்பங்களில் பெரும்பாலானவை தாமான் என்கிற குடியிருப்புப் பகுதி வீடுகளுக்கு வந்துவிட்டன. காட்டு வேலையை இன்று இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும் பார்க்கிறார்கள். நம் பிள்ளைகள் மில்லிலும் ஆபீசிலும் லாரி ஸ்டியரிங்கிலும் இருக்கிறார்கள்.

இந்த ஆய்வு அப்படி ஓர் இளைஞரைப் பற்றியது. செம்பனை எண்ணெய் மில் ஆபீசில் கிராணி, அதாவது எழுத்தர். முப்பதை நெருங்கும் வயது. அப்பா குலை வெட்டியவர், அம்மா உதிரி பொறுக்கியவர். தமிழ்ப்பள்ளி, பிறகு மலாய் இடைநிலைப்பள்ளி, அதன்பின் பாலிடெக்னிக் டிப்ளோமா. இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்மில் ஆங்கிலம் தேறினார், அவ்வளவுதான். நான் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியன். மாலையில் கோயில் மண்டபத்துப் பக்கத்து அறையில் பெரியவர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். இங்கே அவரைத் தம்பி என்றே குறிப்பிடுகிறேன். நேரிலும் அப்படித்தான் கூப்பிடுவேன்.

வந்ததும் அவர் கேட்டது இது: "சார், எனக்கு அட்வான்ஸ்ட் வொகாபுலரி வேணும்."

ஒரு மழையும் ஓர் அறிக்கையும்

மில் கிராணிக்கு எதற்கு இவ்வளவு ஆங்கிலம்? இருபது வருஷத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் நியாயமான கேள்வி. ஆர்எஸ்பிஓ என்கிற நிலைத்த செம்பனை எண்ணெய் அமைப்பு 2004-இல் உருவானது. நம் நாட்டின் சொந்தச் சான்றிதழான எம்எஸ்பிஓ 2020 ஜனவரி 1 முதல் கட்டாயமானது. அன்றிலிருந்து ஆடிட் ஒரு வாழ்க்கைமுறை. கழிவுநீர்க் குளம் நிரம்பினால் எழுது, தொழிலாளி வழுக்கி விழுந்தால் எழுது, ஆற்றோரம் மருந்து தெளித்தால் எழுது. எழுதுவது ஆங்கிலத்தில், படிப்பவர் கோலாலம்பூரிலோ கடல் கடந்தோ இருப்பார்.

யார் எழுதுவது? பழைய பெரிய கிராணிகள் ஆங்கிலப் பள்ளியில் படித்தவர்கள். கடிதம் எழுதச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவார்கள். 1970-இல் ஒன்றாம் ஆண்டில் தொடங்கி ஆங்கிலப் பள்ளிகள் வருஷத்துக்கு ஒரு வகுப்பாக மலாய்க்கு மாறின. கடைசியாக ஆங்கிலத்தில் படித்து வந்த தலைமுறை ஓய்வுபெற்றுப் போய்விட்டது. ஆகவே "கொஞ்சம் இங்கிலீஷ் வரும்" என்று பெயர் வாங்கிய பையன் மேசைக்குக் கோப்புகள் நகர்ந்தன. சம்பளம் நகரவில்லை, அது வேறு கதை.

ஒருநாள் இரவு பேய்மழையில் கழிவுநீர்க் குளம் வழிந்தது. தம்பி எழுதிய அறிக்கையின் முதல் வாக்கியம், தமிழ் எழுத்தில்: 'ட்யூ டு எ ப்ளெதரா ஆஃப் ரெய்ன், தி இன்சிடென்ட் வாஸ் அக்கர்ட் இன் நாக்டர்னல் டைம்.'

ஆடிட்டர் பென்சிலால் ப்ளெதராவைச் சுற்றி வட்டம் போட்டு ஒரு கேள்விக்குறி வைத்திருந்தார். வேறு எந்தச் சொல்லையும் தொடவில்லை. அடியில் மூன்று கேள்விகள்: எத்தனை மணிக்கு? எவ்வளவு வழிந்தது? உடனே என்ன செய்தீர்கள்? அறிக்கை திரும்பி வந்தது. மேலாளர் எல்லார் முன்னிலையிலும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார். அதற்கு அடுத்த வாரம்தான் தம்பி என்னிடம் வந்தார்.

அவர் கணக்கு: சொல் போதவில்லை. இன்னும் ஒரு ஆயிரம் கனமான சொல் தெரிந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது. நான் பார்த்தவரை அந்த வாக்கியத்தில் சொல் குறையவில்லை, இரண்டு சொல் கூடுதலாக இருந்தது. 'ப்ளெதரா' எண்ணிச் சொல்லக்கூடியவை அளவுக்கு மீறிக் குவிந்ததைச் சொல்வது: கருத்துகள், படிவங்கள், விதிமுறைகள். மழைக்கு ஆகாது. 'நாக்டர்னல்' இரவில் நடமாடும் உயிர்களுக்கு. தோட்டத்தில் எலியைப் பிடிக்க ஆந்தைக்குப் பெட்டி கட்டி வைத்திருக்கிறார்களே, அந்த ஆந்தைதான் நாக்டர்னல். குளம் வழிந்த நேரம் அல்ல. மூன்றாவது கோளாறுதான் உண்மையில் பெரியது, அதை ஆடிட்டரும் கண்டுகொள்ளவில்லை: 'வாஸ் அக்கர்ட்'. 'அக்கர்' தானாக நடப்பது. அதை யாரும் செய்விப்பதில்லை. அதற்கு முன்னால் 'வாஸ்' வராது. இந்தப் பிழையை நம் ஊர் அறிக்கைகளில் மட்டுமல்ல, பட்டதாரிகளின் கடிதங்களிலும் பார்க்கிறேன்.

எங்கே ஓட்டை

மருந்துக்கு முன்னால் சோதனை வேண்டும் என்று சொல்லி, சொல்வள ஆய்வாளர்கள் பால் நேஷனும் டேவிட் பெக்லரும் 2007-இல் வெளியிட்ட சொல்வளச் சோதனையைக் கொடுத்தேன். ஆங்கிலச் சொற்களைப் புழக்கத்தின் வரிசையில் ஆயிரம் ஆயிரமாக அடுக்கி, அடுக்குக்குப் பத்துக் கேள்வி, 14 அடுக்கு, 140 கேள்வி. ஒவ்வொரு சரியான விடையும் நூறு சொற்குடும்பத்துக்கு (ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைத்த வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) சமம் என்று கணக்கு. அது ஒரு மதிப்பீடுதான், எக்ஸ்ரே அல்ல. ஆனால் எந்த அடுக்கில் ஓட்டை என்பதைக் காட்டிவிடும்.

பொதுவாக மதிப்பெண் படிப்படியாக இறங்கிக்கொண்டே போகும். தம்பியுடையது அப்படி இல்லை. முதல் இரண்டு அடுக்கு நன்றாக இருந்தது. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவதில் பள்ளம். பிறகு எங்கோ ஒன்பதாவது, பதினோராவது அடுக்கில் திடீரென்று சரியான விடைகள். எப்படி என்று கேட்டேன். பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். டியூஷன் சென்டர் ஒன்றில் கொடுத்த 'பவர் வேர்ட்ஸ்' பட்டியல். எழுதி எழுதி ஓரங்கள் கறுத்துப்போயிருந்தன. 'ப்ளெதரா', 'நாக்டர்னல்', 'எக்ஸேசர்பேட்', 'யுபிக்விட்டஸ்'. பக்கத்தில் தமிழில் ஒற்றைச் சொல் பொருள். நடு அடுக்குகளைத் தாண்டிக் குதித்து, பலகாரத் தட்டில் ஜாங்கிரியை மட்டும் பொறுக்கியது மாதிரி உச்சிச் சொற்களை எடுத்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் கணக்கு சொல்ல வேண்டும். நாவல், நாளிதழ் போன்ற ஆங்கில எழுத்தைத் துணையில்லாமல் படிக்க, அதில் வரும் சொற்களில் 98 விழுக்காடாவது தெரிந்திருக்க வேண்டும் என்பது இந்தத் துறையில் பரவலாக ஏற்கப்பட்ட அளவு. அதாவது ஐம்பது சொல்லுக்கு ஒன்று தெரியாமல் போகலாம். அந்த 98-ஐத் தொட எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் சொற்குடும்பம் வேண்டும் என்று நேஷன் 2006-இல் கணக்கிட்டார். பேச்சைப் புரிந்துகொள்ள ஆறாயிரம் முதல் ஏழாயிரம் போதும். முதல் இரண்டாயிரம் சொல்லின் முக்கியத்துவம் இன்னும் பழைய சேதி: 1953-இல் மைக்கேல் வெஸ்ட் வெளியிட்ட பொதுப்பயன் சொற்பட்டியல் ஏறத்தாழ அந்த அளவுதான். வெஸ்ட் வங்காளத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பித்த அனுபவத்தில் வளர்ந்தவர் என்பதை இங்கே சொல்லலாம். நம்மைப் போன்ற மாணவர்களைப் பார்த்துப் பிறந்த வேலை அது.

இரண்டாயிரத்துக்கு அப்பால் எங்கே போவது என்பதற்கு நல்ல வழிகாட்டி 2000-இல் நியூசிலாந்திலிருந்து வந்தது. அவெரில் காக்ஸ்ஹெட் முப்பத்தைந்து லட்சம் சொல் கொண்ட கல்விசார் எழுத்தை அலசி 570 சொற்குடும்பங்களைப் பொறுக்கினார். கல்விசார் எழுத்தில் பத்தில் ஒரு பங்கு இந்த 570-க்குள் அடங்கும். கதை எழுத்தில் அவை 1.4 விழுக்காடுதான். இந்த இரண்டு எண்ணையும் சேர்த்துப் பார்த்தால் தம்பியின் இன்னொரு தோல்விக்கும் காரணம் தெரிந்துவிடும். நாவல் படித்தால் ஆங்கிலம் வரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஒரு தடித்த நாவலை வாங்கி, முப்பதாவது பக்கத்தில் மூடிவைத்தவர் அவர். நாவல் நல்லதுதான், நானும் படிப்பவன்தான். ஆனால் அறிக்கை எழுதும் சொற்கள் அங்கே அரிதாகத்தான் நடமாடுகின்றன.

காக்ஸ்ஹெட் பட்டியலின் முதல் பிரிவைத் தம்பி முன்னால் வைத்தேன். 'அசெஸ்', 'இண்டிகேட்', 'ரிக்வயர்', 'ஐடென்டிஃபை', 'அக்கர்', 'வேரி', 'எஸ்டாப்ளிஷ்'. எல்லாவற்றுக்கும் பொருள் சொன்னார். "இதெல்லாம் ஈஸி சார்." சரி, ஒவ்வொன்றையும் வைத்து மில் பற்றி ஒரு வாக்கியம் எழுதுங்கள் என்றேன். பாதிக்கு மேல் கோணல். பொருள் தெரிவது வேறு, கைக்கு வருவது வேறு. மேல்தட்டு ஆங்கிலம் என்று நாம் மலைக்கிறோமே, அது பெரும்பாலும் இந்த நடுத்தரச் சொற்கள் தமக்கேற்ற துணையோடு வந்து உட்காருவதுதான். ஒன்றாவது ஆண்டு சொல்லும் அல்ல, பவர் வேர்டும் அல்ல.

மலாய் கொடுத்திருந்த கைமுதல்

இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்; இதைப் பற்றி நம்மிடையே யாரும் அதிகம் பேசுவதில்லை.

தோட்டப்புறப் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் கையிருப்பு எதுவும் இல்லை என்று எல்லாரும் நினைக்கிறோம். அந்தப் பிள்ளையே அப்படித்தான் நினைக்கிறது. ஆனால் பதினோரு வருஷம் மலாய் படித்த ஒருவரிடம் லத்தீன் வேர் கொண்ட சொற்கள் நூற்றுக்கணக்கில் ஏற்கனவே இருக்கின்றன, மலாய்ச் சட்டை போட்டுக்கொண்டு. ஆங்கிலத்தின் கனமான அடுக்கு பெரும்பாலும் லத்தீனிலிருந்தும் பிரெஞ்சிலிருந்தும் வந்தது. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு சட்டமும் நிர்வாகமும் அந்த வழியாகத்தான் பேசின. 1956-இல் அமைந்த மலாய்மொழி வளர்ச்சி நிறுவனமான டேவான் பகாசா டான் புஸ்தாகா பாடநூல்களுக்குக் கலைச்சொல் உருவாக்கியபோது, அந்த அடுக்கில் பலவற்றை மலாய் எழுத்துக்கூட்டலுக்கு மாற்றி அப்படியே எடுத்துக்கொண்டது.

தம்பியிடம் ஒரு தாளைக் கொடுத்து, தனக்குத் தெரிந்த மலாய்ச் சொற்களில் 'ஆசி' என்று முடிபவற்றை எழுதச் சொன்னேன். ஸ்பெசிஃபிகாசி, கிளாசிஃபிகாசி, டொகுமெந்தாசி, வெரிஃபிகாசி, ஜஸ்திஃபிகாசி, இம்ப்ளிகாசி, மித்திகாசி. எழுதிக்கொண்டே போனார். அடுத்த நிரலில் அவற்றின் ஆங்கில வடிவம். வேறொரு தாளில் 'இதி' முடிவு: புரொடுக்திவிதி, இன்தெகிரிதி, குவாலிதி. இன்னொன்றில் 'இஃப்': அல்தெர்னாதிஃப், கொம்ப்ரெஹென்சிஃப், ஒப்ஜெக்திஃப். முடிவே இல்லாதவை: சிக்னிஃபிகான், கொன்சிஸ்தென், ரெலெவான், கிரித்தேரியா. தாளின் பின்பக்கமும் நிரம்பியது.

"இதெல்லாம் இங்கிலீஷா சார்? நான் மலாய்னு நெனச்சேன்."

"மலாயும்தான் தம்பி. ரெண்டுலயும் குடியுரிமை."

அன்று அவர் முகத்தில் வந்த மாற்றத்தைக் கண்ணால் பார்த்தேன். அதுவரை தன்னை வெறுங்கையோடு வந்தவராக நினைத்துக்கொண்டிருந்தார். சொல்வளச் சோதனையில் நடு அடுக்குகளில் தவறவிட்ட சில கேள்விகளைத் திரும்பக் காட்டினேன். மலாயை நினைத்துக்கொண்டு பார்த்ததும் இரண்டு மூன்று தானாகத் திறந்துகொண்டன.

பொறியும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. 'பிராக்திகால்' என்றால் மலாயில் பயிற்சிப் பணி. "ஐ டிட் மை பிராக்டிகல் இன் எ மில்" என்று நம் பிள்ளைகள் விண்ணப்பத்தில் எழுதுவது அதனால்தான். வெளிநாட்டுக்காரருக்கு அது செய்முறைத் தேர்வு மாதிரி ஒலிக்கும். அபராதத்துக்குக் 'கொம்பாவுன்' என்பதை அப்படியே 'காம்பவுண்ட்' என்று அறிக்கையில் போட்டால், லண்டனில் இருப்பவர் வேலி போட்ட வளாகம் என்றுதான் எடுத்துக்கொள்வார். 'அவுட்ஸ்டேஷன்' போனார் என்பது இங்கே எல்லாருக்கும் புரியும், அங்கே புருவம் உயரும். இவற்றைத் தனிப்பக்கத்தில் எழுதிவைத்துக்கொள்ளச் சொன்னேன். பேச்சில் தாராளமாக இருக்கட்டும். அறிக்கையில் மட்டும் கவனம்.

தமிழும் ஒரு பக்கம் இழுக்கும். 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்பது நமக்கு இயல்பு, ஆகவே 'டிஸ்கஸ் அபவுட்'. ஆங்கிலத்தில் 'டிஸ்கஸ்' நேரே பொருளைப் பிடித்துக்கொள்ளும், 'அபவுட்' நடுவில் வரத் தேவையில்லை. 'எவிடென்சஸ்', 'எக்விப்மென்ட்ஸ்', 'இன்ஃபர்மேஷன்ஸ்' என்று பன்மை போடுவதும் அப்படித்தான். தமிழில் கருவிகள், சான்றுகள், தகவல்கள் என்று எண்ணலாம். ஆங்கிலத்தில் இவை எண்ணாத பெயர்கள். ஒரு பழைய கிராணி விட்டுப்போன அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ் அகராதி மில் ஆபீஸ் அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது. ஹார்ன்பி என்பவர் ஜப்பானிய மாணவர்களுக்காகத் தொகுத்து 1942-இல் தோக்கியோவில் முதலில் வெளியான நூலின் வழிவந்தது அது. பொருளுக்காக மட்டும் அதைப் புரட்டுவது வீண். பெயர்ச்சொல் பக்கத்தில் 'யு' என்று போட்டிருந்தால் எண்ண முடியாது; வினைச்சொல்லுக்குப் பின்னால் எந்த முன்னிடைச்சொல் வரும் என்பதற்கு எடுத்துக்காட்டு இருக்கும். தம்பி பத்து வருஷமாக அகராதி பார்த்தவர், இந்த அடையாளங்களை ஒருநாளும் பார்த்ததில்லை. பள்ளியில் யாரும் காட்டவில்லையாம். நம்புகிறேன்.

அட்டையில் என்ன எழுதினார்

பவர் வேர்ட்ஸ் புத்தகத்தை மூடிவைக்கச் சொன்னேன். தூக்கி எறியச் சொல்லவில்லை, மனசு கேட்காது. புதுச் சொல் எல்லாம் இனி ஓர் இடத்திலிருந்துதான் வரும்: அவர் மேசைக்கு வரும் தாள். ஆடிட்டரின் கேள்விக் கடிதம், தலைமை அலுவலகச் சுற்றறிக்கை, மற்ற மில்களின் ஆடிட் சுருக்க அறிக்கைகள். ஆர்எஸ்பிஓ சான்றிதழ் பெறும் மில்களின் ஆடிட் சுருக்கங்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படுகின்றன. யார் வேண்டுமானாலும் இறக்கிப் படிக்கலாம். தம்பிக்கு அது தங்கச்சுரங்கம். குளம், கொதிகலன், உதிரிப்பழம், தொழிலாளர் குடியிருப்பு என்று விஷயம் முழுக்கத் தெரிந்தது. ஆங்கிலம் மட்டும்தான் புதிது. ஒரே துறையிலேயே தொடர்ந்து படித்தால் அதே சொற்கள் திரும்பத் திரும்ப வரும் என்று மொழிகற்றல் ஆய்வாளர் ஸ்டீஃபன் கிராஷென் வெகுகாலமாகச் சொல்லிவருகிறார். நாவலில் ஒரு சொல்லை இரண்டாம் முறை சந்திக்க இருநூறு பக்கம் காத்திருக்க வேண்டும். ஆடிட் அறிக்கையில் அடுத்த பத்தியிலேயே வந்துவிடும்.

எடுத்தது தனிச்சொல் அல்ல, சொல்லும் துணையும் சேர்ந்த துண்டு. 'காம்ப்ளை வித்'. 'இன் அகார்டன்ஸ் வித்'. 'வாஸ் அட்ரிப்யூட்டட் டு'. 'எக்ஸீடட் தி லிமிட்'. 'டு பிரிவென்ட் ரிகரன்ஸ்'. தே தாரிக் கடையில் 'கவ்' (கெட்டியாக) என்று கேட்கிறோமே, அந்தத் தேநீர் ஆங்கிலத்தில் 'ஸ்ட்ராங்'தான், 'பவர்ஃபுல்' ஆகாது. ஏன் என்று கேட்டால் விடை கிடையாது; அது அவர்கள் பழக்கம், அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். மழைக்கு 'ஹெவி' என்பதும் அந்த வகை.

பழைய காலண்டர் அட்டைகளை நறுக்கி வைத்துக்கொண்டார். முன்பக்கம் உண்மையான அறிக்கையிலிருந்து ஒரு வாக்கியம், நடுவில் கோடு விட்டு. பின்பக்கம் விடுபட்ட துண்டு, அதன் கீழே தன் மில்லைப் பற்றித் தானே எழுதிய ஒரு வாக்கியம். தமிழ்ப் பொருள் மூலையில் சிறிதாக, தேவைப்பட்டால் மட்டும். ஓர் அட்டையை இங்கே காட்டுகிறேன். முன்பக்கம்: 'தி டிலே வாஸ் ______ எ ஷார்ட்டேஜ் ஆஃப் லாரீஸ்.' பின்பக்கம்: 'அட்ரிப்யூட்டட் டு.' அடியில் அவர் கையெழுத்தில்: 'தி ஹை ஆசிட் ரீடிங் வாஸ் அட்ரிப்யூட்டட் டு லேட் டெலிவரி ஆஃப் ஃப்ரூட்.' குலை வெட்டிய பின் தாமதமானால் எண்ணெயில் அமிலம் ஏறும், 24 மணி நேரத்துக்குள் மில்லில் ஏற்ற வேண்டும் என்பது அங்கே துப்புரவுத் தொழிலாளிக்கும் தெரியும். தெரிந்த விஷயத்தில் புதுச் சொல் ஒட்டிக்கொள்கிறது. அதே துண்டை நான் கரும்பலகையில் ஐரோப்பியப் பொருளாதாரத்தை வைத்து விளக்கியிருந்தால் மறுநாளே மறந்திருப்பார்.

மறதிக்கும் ஒரு ஏற்பாடு வேண்டும். பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்று ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885-இல் அளந்து எழுதினார்: முதல் நாளிலேயே பெரும்பகுதி போய்விடும், பிறகு சரிவு மெதுவாகும். அந்தச் சரிவைத் தடுக்க செபாஸ்டியன் லைட்னர் 1972-இல் ஒரு பெட்டி முறையைப் பிரபலப்படுத்தினார். பெட்டியில் அறைகள், சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்கு நகரும், அங்கே இன்னும் தாமதமாகத்தான் பார்ப்போம், தப்பாகச் சொன்னது முதல் அறைக்கே திரும்பும். இதையே கைப்பேசியில் செய்யும் ஆங்கி போன்ற செயலிகள் உண்டு. தம்பி முதலில் அதைத்தான் போட்டார். ஆனால் கைப்பேசியைத் திறந்தால் அட்டைக்கு முன்னால் குடும்ப வாட்சாப் வந்து நிற்கிறது. ஆகவே பிஸ்கட் டின், நாலு தடுப்பு. மில்லில் ஷிப்ட் மாறும் இடைவெளியில் டின்னைத் திறப்பார். கூட வேலை பார்க்கும் ஒரு மலாய் நண்பர் கோடிட்ட இடத்தை நிரப்பும் போட்டிக்கு வந்துவிட்டார். அது நான் திட்டமிடாத லாபம்.

அட்டையோடு நிறுத்தினால் போதாது. வாரத்துக்கு ஒரு பத்தி எழுதி வர வேண்டும், அந்த வார அட்டைகளில் நாலு துண்டாவது அதில் இருக்க வேண்டும். இதில்தான் அவருக்குக் கஷ்டம். அட்டையில் 'காம்ப்ளை வித்' என்று சொல்பவர் பத்தியில் 'காம்ப்ளை டு' என்று எழுதுவார். பார்த்தால் தெரிவதும் தேடினால் வருவதும் ஒன்றல்ல. திருத்திக் கொடுப்பேன், மறுபடி எழுதுவார். சில வாரம் சலித்துக்கொண்டார். ஒரு தீபாவளி மாதம் முழுக்க டின் திறக்கப்படவில்லை. மில்லில் பழம் குவியும் பருவம் வேறு. அதை நான் பெரிதுபடுத்தவில்லை. திரும்பி வந்தபோது முதல் அறை நிரம்பி வழிந்தது, புது அட்டை எழுதுவதை நிறுத்தி இருந்ததை மட்டும் ஓட்டினோம்.

இடையில் அந்தப் பழைய அறிக்கையை மறுபடி எடுத்து அவரையே திருத்தச் சொன்னேன். புதிய வடிவம், தமிழில் சாரமாக: கனமழைக்குப் பிறகு அதிகாலை இரண்டு மணியளவில் மூன்றாம் குளம் வழிந்தது, வழிந்த நீர் தோட்ட வடிகாலிலேயே தடுத்து நிறுத்தப்பட்டது, ஆற்றுக்குப் போகவில்லை, மாதிரி எடுத்துச் சோதித்ததில் நீரின் மாசைக் காட்டும் பிஓடி அளவு வரம்புக்குள் இருந்தது, மறுபடி நேராமல் இருக்கக் கரை உயர்த்தப்பட்டது. ஆங்கிலத்தில் அவர் போட்டவை: 'ஹெவி ரெய்ன்', 'ஓவர்ஃப்ளோட்', 'வாஸ் கன்டெய்ன்ட்', 'வித்தின் தி லிமிட்', 'டு பிரிவென்ட் ரிகரன்ஸ்'. பவர் வேர்ட் ஒன்றுகூட இல்லை. படித்துப் பார்த்துவிட்டு, "ரொம்ப சிம்பிளா இருக்கே சார், மேனேஜர் ஒத்துக்குவாரா?" என்றார். இந்தச் சந்தேகம் சாதாரணமானதல்ல. கனமான சொல்தான் படிப்பின் அடையாளம் என்று நம் பள்ளிகளும் மேடைகளும் பழக்கிவைத்திருக்கின்றன. எளிமையாக எழுதினால் படிக்காதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம் தோட்டத்திலிருந்து வந்தவருக்கு இரட்டிப்பாக இருக்கும்.

இப்போதைய நிலை

ஒன்றரை வருஷம் ஆகிறது. அடுத்து வந்த ஆடிட்டில் அவர் எழுதிய அறிக்கைகளுக்குக் கேள்வி வராமல் இல்லை. வந்தவை எல்லாம் குளத்தைப் பற்றியும் பதிவேட்டைப் பற்றியும். ஆங்கிலத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. மேலாளர் பாராட்டவில்லை. பக்கத்துத் தோட்டத்துக் கோப்பையும் இவர் மேசைக்கு அனுப்பிவைத்தார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா தண்டனையாக எடுத்துக்கொள்வதா என்று தம்பி என்னைக் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. சொல்வளச் சோதனையைத் திரும்ப எழுதியதில் நடுப்பள்ளம் நன்றாகத் தூர்ந்திருக்கிறது. உச்சி அடுக்கு அப்படியே இருக்கிறது. அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

பவர் வேர்ட்ஸ் பழக்கம் முழுசாகப் போய்விடவில்லை. உறவுக்காரர் கல்யாணத்துக்கு வாட்சாப்பில் வாழ்த்து அனுப்பும்போது 'ப்ளெதரா ஆஃப் ஹேப்பினஸ்' எட்டிப் பார்க்கிறது. போகட்டும், மணமக்கள் ஆடிட் செய்யப் போவதில்லை.

இன்னும் சரியாகாதது பேச்சு. எழுத்தில் நேரம் கிடைக்கிறது, டின் இருக்கிறது, அகராதி இருக்கிறது. ஆடிட் முடிவுக் கூட்டத்தில் ஆடிட்டர் நேருக்கு நேர் கேட்டால் முதல் வாக்கியம் ஆங்கிலத்தில் வந்து, இரண்டாவது மலாய்க்குத் தாவிவிடுகிறது. தெரியாத சொல்லால் அல்ல. தெரிந்த சொல் வாய்க்கு வர எடுக்கும் நேரத்தால். அட்டைகளை வாய்விட்டுச் சொல்லிப் பழகவும், ஒரே சம்பவத்தை மூன்று முறை, ஒவ்வொரு முறையும் குறைந்த நேரத்தில் சொல்லவும் ஆரம்பித்திருக்கிறார். மலாய் நண்பர்தான் கேட்பவர். ஸ்டாப்வாட்ச் அவர் கையில்.

எழுத்தில் அடுத்த வேலை, உறுதியின் அளவைச் சொல்வது. 'வடிகால் அடைத்ததால் குளம் வழிந்தது' என்று சமீபத்தில் எழுதியிருந்தார். பார்த்தீர்களா என்று கேட்டேன். இல்லை, அப்படித்தான் இருக்கும் சார் என்றார். தமிழில் 'போல', 'இருக்கலாம்', 'தெரிகிறது' என்று தாராளமாகப் போடுபவர் ஆங்கிலத்துக்கு வந்ததும் எல்லாவற்றையும் கண்ணால் கண்ட சாட்சி மாதிரி எழுதிவிடுகிறார். ஆடிட்டருக்கு அதில் ஆர்வம் அதிகம்: யார் பார்த்தது, பதிவு எங்கே என்று தோண்டுவார். ஆகவே இப்போது டின்னின் முதல் அறையில் இருப்பவை 'இஸ் லைக்லி டு', 'அப்பியர்ஸ் டு', 'மே ஹாவ் பீன்' அட்டைகள். மார்ச்சில் அடுத்த ஆடிட்.